களைக்கொல்லியின் எச்சமும் மண்ணின் கணக்கும்

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது நம் உழவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. களையை ஒழிக்கவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எவ்வாறு ஒழிப்பது என்பதில்தான் காலம் மாறியிருக்கிறது. முன்பு பத்துப் பெண்கள் களைக்கொட்டுடன் இறங்கிய வயலில் இன்று ஒருவர் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஒரே பொழுதில் வேலையை முடித்துவிடுகிறார். கூலியாள் கிடைப்பது அரிதாகிவிட்ட நாளில் இதைக் குறைகூறுவது எளிதன்று. ஆயினும், தெளித்த மருந்து களையைக் கொன்ற பிறகு எங்கே போகிறது, எத்தனை நாள் மண்ணில் தங்குகிறது, தானியத்தில் ஏறுகிறதா என்னும் கேள்விகளை மருந்து வாங்குகின்ற ஒவ்வொருவரும் கேட்டாகவேண்டும். அவற்றுக்கு விடைகாண முயல்வதே இம்மாதப் பாடம்.

காவலூர்ப் பக்கத்தில் நாம் கண்டது

சென்ற கார்த்திகைத் திங்களில் தணிக்கைப் பணிக்காக ஜவ்வாது மலையில் காவலூரை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அங்கே சங்கத்தில் ஒரு வழக்கு எழுந்திருந்தது. ஓர் அங்கத்தினரிடம் சங்கம் கொள்ளு விதை வாங்கி, அதில் ஒரு மூட்டையை வேறோர் அங்கத்தினருக்குக் கடனாகக் கொடுத்திருந்தது. அம்மூட்டையிலிருந்து விதை பெற்றவர் அவர் ஒருவரே. விதை நன்றாகத்தான் முளைத்தது. மூன்று வாரம் கழிந்ததும் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்துக் கருகத் தொடங்கின. "விதை கெட்டது, கடனைக் கட்டமாட்டேன்" என்றார் பயிரிட்டவர். விதை கொடுத்தவருக்குச் சேரவேண்டிய தொகையை நிருவாகக் குழு நிறுத்திவைத்துவிட்டது. இருவரும் ஒரே ஊர்; உறவினருங்கூட. பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று.

நாம் வயலைப் பார்த்தோம். மஞ்சளித்த பயிரைக் கண்டதும், விதை தரக்குறைவானது எனக் குறிப்பேட்டில் எழுதியும் விட்டோம். அப்போது வரப்பில் நின்றிருந்த முதிய பெண்மணி ஒருவர், "விதை கெட்டதாயிருந்தா முளைச்சே இருக்காதே ஐயா, நாலு இலை விட்டப்புறம் ஏன் வெளுக்கணும்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. பட்டம் பெற்ற நமக்குத் தோன்றாத கேள்வி, பள்ளி செல்லாத அவருக்குத் தோன்றியது. அதன் பிறகே, கொள்ளுக்கு முன் அந்நிலத்தில் என்ன பயிர் இருந்தது என்று விசாரித்தோம்.

இருந்தது மக்காச்சோளம். ஆடி முதல் வாரத்தில் விதைத்து, மூன்றாம் நாள் அட்ரசின் என்னும் களைக்கொல்லியைத் தெளித்திருக்கிறார். 50 சதவீதம் மருந்துள்ள நனையும் தூளை ஏக்கருக்கு 200 கிராம் இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மக்காச்சோளத்திற்குப் பரிந்துரைக்கிறது. இவரோ புல் அடர்த்தியாக இருந்ததென்று 800 கிராம் இட்டிருக்கிறார். மக்காச்சோளத்திற்கு ஒன்றும் நேரவில்லை. ஐப்பசியில் அறுவடை முடித்து, மருந்து தெளித்த ஏறத்தாழ 105-ஆம் நாள் கொள்ளு விதைத்திருக்கிறார். இந்த நாட்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு பயிர் தாங்குவதும் மற்றொன்று மடிவதும்

ஒரே மருந்து மக்காச்சோளத்தை விட்டுவிட்டுக் கொள்ளைக் கொல்வது எவ்வாறு? அட்ரசின், செடி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் வேலையைத் தடுப்பது. மக்காச்சோளமும் சோளமும் வேர்வழி வந்த அட்ரசினைத் தம் உடலிலேயே வேறொரு பொருளோடு பிணைத்துச் செயலற்றதாக்கிவிடும் ஆற்றல் பெற்றவை. அவரை, துவரை, கொள்ளு முதலிய பயறு வகைகளுக்கு அவ்வாற்றல் போதாது. ஆகவேதான், சோளத்தினூடே பயறு கலந்து விதைப்பதாயின் அட்ரசினை உபயோகிக்கலாகாது என்று பல்கலைக்கழகம் எச்சரிக்கிறது.

முதிய பெண்மணியின் கேள்விக்கும் விடை இங்கேயே உள்ளது. முளைக்கும் விதை, பருப்பில் சேமித்த உணவை உண்டு வளர்கிறது. அப்போது அதற்கு வெயிலின் உதவி வேண்டியதில்லை. ஆகவே அட்ரசின் முளைப்பைத் தடுப்பதில்லை. சேமிப்புத் தீர்ந்து இலை தானே உணவு சமைக்கவேண்டிய நாள் வந்ததும் பசி தொடங்குகிறது. முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளிக்கின்றன.

2,4-டி என்னும் மருந்தின் போக்கு வேறு. அது செடியின் வளர்ச்சியைத் தூண்டும் இயற்கைப் பொருளைப் போன்று நடித்து, அகன்ற இலைச் செடிகளைக் கட்டின்றி வளரச் செய்து முறுக்கிக் கொல்வது. நெல், கோதுமை போன்ற புல்லினப் பயிர்கள் உரிய பருவத்தில் அதைத் தாங்கும். பருத்தியோ மிக மென்மையானது. பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்த சாரல் பட்டாலே அதன் இலைகள் சுருங்கி விரல் விரலாகப் பிளந்துவிடும். நூலை நம்பி வாழும் நெசவாளர் அன்பர்களும் இதை அறிந்திருப்பது நலம்.

மண்ணில் மருந்து சிதையும் வகை

மண்ணில் விழுந்த மருந்துக்குப் பல வழிகள் உண்டு. சிறிது ஆவியாகிப் போகும். மேற்பரப்பில் கிடப்பதை வெயில் சிதைக்கும். சில மருந்துகளை நீரே பிளக்கும். ஒரு பகுதி களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி மழைநீரோடு கீழே இறங்கும். அல்லது சரிவில் வழிந்தோடும். இவையெல்லாம் இருப்பினும், பெரும்பாலான களைக்கொல்லிகளைச் சிதைக்கும் முதன்மையான வேலையாட்கள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே.

இதை அழகாக விளக்கிய சோதனை ஒன்று உண்டு. 1949-இல் இலண்டனில் ஆடஸ் என்னும் அறிஞர் 2,4-டி கலந்த நீரை மண்ணினூடே திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். முதலில் சில நாட்கள் மருந்து ஏறக்குறைய அப்படியே இருந்தது. பின்னர் விரைவாக மறைந்தது. அதே மண்ணில் இரண்டாம் முறை மருந்தைச் செலுத்தியபோது தாமதமின்றி உடனே மறையத் தொடங்கியது. முதல் தடவையில் அம்மருந்தை உண்ணவல்ல நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நாள் பிடித்தது. இரண்டாம் தடவையில் அவை பெருகி ஆயத்தமாக இருந்தன என்பதே இதன் பொருள்.

நீர் கட்டிய நெல்வயலின் மண் மற்றொரு வகை. அங்கே காற்று அற்ற நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் என்னும் விஞ்ஞானி பூச்சிமருந்துகளைப் பற்றி நடத்திய ஆராய்ச்சிகள், சில மருந்துகள் மேட்டு நிலத்தைவிட நீர் தேங்கிய மண்ணில் விரைவாகச் சிதைவதைக் காட்டின. ஆகவே ஒரு மருந்து நெல்வயலில் நடந்துகொள்வதைப் போலவே மானாவாரிக் கொல்லையிலும் நடந்துகொள்ளும் என்று எண்ணலாகாது.

நுண்ணுயிரும் ஓர் உயிரே. அதற்கு ஈரம் வேண்டும். மிதமான வெப்பம் வேண்டும். உண்ண மட்கு வேண்டும். மழை பொய்த்த ஆண்டில், தொழுவுரம் காணாத செம்மண்ணில், மார்கழிக் குளிரில், அதன் வேலை மெலிந்துவிடும். மருந்தும் நீண்டநாள் தங்கிவிடும். காவலூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியில் கண்ட நாட்கணக்கு மலையில் அப்படியே பொருந்தாது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சிதைவு என்றாலே நஞ்சு நீங்கிற்று என்றும் பொருளன்று. 2,4-டி படிப்படியாகச் சிதைந்து கரிவாயுவும் நீரும் குளோரைடு உப்புமாக முடிவுறும். கிளைபோசேட்டோ சிதையும்போது அம்பா எனப்படும் வேறொரு பொருளைத் தருகிறது. அது பெரும்பாலும் தாய்ப்பொருளைக் காட்டிலும் அதிக நாள் மண்ணில் தங்குவது. பாராக்குவாட் களிமண்ணோடு மிக இறுகப் பிணைந்து செடிக்குத் தீங்கு செய்யாது கிடக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தெளிப்பவர் உடலுக்குள் அது சென்றுவிட்டால் முறிக்கும் மருந்து இல்லை.

பாதிக்காலம் என்னும் கணக்கு

மண்ணில் உள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலத்தைப் 'பாதிக்காலம்' எனலாம். சாயம் தோய்த்த நூலை அலசும் நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். முதல் அலசலில் ஒட்டாத சாயத்தில் பாதி போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் அலசலில் மீதிப் பாதியும் போய்விடுவதில்லை. எஞ்சியதில் பாதிதான் போகும். மூன்றாவதில் அதிலும் பாதி. சங்கக் கடனில் ஒவ்வொரு தவணையிலும் நிலுவையில் பாதியைக் கட்டுபவரின் கணக்கைப் போன்றது இது. குறைந்துகொண்டே வரும், சடுதியில் தீராது.

பொதுவாகக் கையாளப்படும் அட்டவணைகளில் 2,4-டியின் பாதிக்காலம் ஏறத்தாழ 10 நாள். கிளைபோசேட்டுக்கு 47 நாள். அட்ரசினுக்கு 60 நாள். பெண்டிமெத்தலினுக்கு 90 நாள். இவை சராசரிகளே. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப இவை பாதியாகக் குறைவதும் உண்டு. பல மடங்கு கூடுவதும் உண்டு.

இப்போது மேற்சொன்ன நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். இட்ட தூள் 800 கிராம். 60 நாளில் 400 கிராம் அளவுக்குக் குறையும். 120 நாளில் 200 கிராம். அதாவது நான்கு திங்கள் கழிந்த பிறகுங்கூட, பரிந்துரைத்த முழு அளவையும் அன்றுதான் புதிதாகத் தெளித்தாற்போன்ற நிலை! அவர் விதைத்ததோ 105-ஆம் நாளில். பரிந்துரைப்படி 200 கிராம் மட்டும் இட்டிருந்தால் 120-ஆம் நாளில் 50 கிராமே எஞ்சியிருக்கும்.

இதிலிருந்து ஒரு விதியைக் கற்கிறோம். மருந்தின் அளவை இரு மடங்காக்கினால், மண் பழைய நிலைக்கு வர மேலும் ஒரு பாதிக்காலம் காத்திருக்கவேண்டும். நான்கு மடங்காக்கினால் இரண்டு பாதிக்காலம். அட்ரசினுக்கு அது 120 நாள். ஒரு போகத்தின் காலம். கூடுதலாக இட்ட மருந்துக்குக் கடையில் கொடுத்த விலை சிறிது. அடுத்த போகத்தில் கொடுக்கும் விலையே பெரிது.

சட்டியில் செய்யும் சோதனை

மண்ணில் மருந்து எஞ்சியிருக்கிறதா என்பதை அறிய எல்லோரும் ஆய்வுக்கூடம் செல்ல இயலாது. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஒரு சோதனை செய்யலாம். முறை வருமாறு:

மருந்து தெளித்த நிலத்தில் பத்து இடங்களில், நான்கு விரற்கடை ஆழம் வரை மண்ணெடுத்து ஒன்றாகக் கலக்கவேண்டும். அதே வகை மண்ணுள்ள, மருந்து படாத நிலத்திலிருந்தும் அவ்வாறே எடுக்கவேண்டும். ஒவ்வொன்றையும் மும்மூன்று சட்டிகளில் நிரப்பி அடையாளம் இடுக. அடுத்து விதைக்கக் கருதிய பயிரின் விதையைச் சட்டிக்குப் பத்தாக ஊன்றுக. எளிதில் நஞ்சை உணரும் கடுகு அல்லது வெள்ளரி விதையையும் உடன் ஊன்றலாம். எல்லாச் சட்டிகளுக்கும் ஒரே அளவு நீரும் ஒரே வெயிலும் கிடைக்கவேண்டும். முளைத்ததைக் கண்டு மகிழ்ந்து சோதனையை முடித்துவிடலாகாது. மூன்று வாரம் பொறுத்திருக்கவேண்டும். தெளித்த மண்ணின் செடிகளில் மட்டும் இலையோரம் மஞ்சளித்தால் அட்ரசின் போன்ற மருந்தையும், தண்டு முறுக்கினால் 2,4-டி போன்றதையும், வேர் குட்டையாகித் தடித்தால் பெண்டிமெத்தலின் போன்றதையும் ஐயுறலாம்.

அவ்வூரில் நாமும் இதையே செய்வித்தோம். வழக்கிலிருந்த அதே மூட்டையின் விதைதான். சங்க அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஆறு சட்டிகள் வைக்கப்பட்டன. நீர் ஊற்றும் பொறுப்பை அந்த முதிய பெண்மணியே ஏற்றுக்கொண்டார். நான்காம் வாரம் நாம் மீண்டும் சென்றபோது, தெளிக்காத மண்ணில் கொள்ளு பசுமையாகப் படர்ந்திருந்தது. தெளித்த மண்ணில் மூன்று சட்டிகளிலும் மஞ்சளித்து நின்றது. விதை குற்றமற்றது. குழுவினர் முன்னிலையில் நம் பழைய குறிப்பை அடித்து, தவறு நம்முடையது என எழுதிக் கையொப்பமிட்டோம். விதை கொடுத்தவருக்குத் தொகை அன்றே வழங்கப்பட்டது. பயிரிட்டவரின் விதைக்கடனுக்குக் குழு தவணை நீட்டித்தது. அவர் வேண்டுமென்று தவறு செய்தவரல்லர். அளவைச் சொல்லுவார் இல்லாததால் செய்தவர்.

தானியத்தில் ஏறும் எச்சம்

மண்ணைப் பற்றிக் கூறினோம். இனி மூட்டையைப் பற்றி. விதைத்தவுடன் மண்ணில் தெளிக்கும் மருந்து, உரிய அளவில் இடப்பட்டால், அறுவடை வரையில் மூன்று நான்கு திங்கள் சிதைவதற்கு நேரம் பெறுகிறது. கதிர் முற்றும் தறுவாயில் தெளிக்கும் மருந்துக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. சில மேலைநாடுகளில் கோதுமையையும் ஓட்சையும் ஒருசேர உலர்த்துவதற்காக அறுவடைக்குச் சற்று முன் கிளைபோசேட் தெளிக்கும் வழக்கம் உண்டு. அம்மருந்து செடியினுள் ஓடித் தானியத்தை அடையவல்லது; கழுவினால் நீங்குவதன்று; மாவைவிடத் தவிட்டில் மிகுதியாகத் தங்குவது.

நம் நாட்டில் கிளைபோசேட் தேயிலைத் தோட்டத்திற்கும் பயிரில்லா நிலத்திற்குமே பதிவு பெற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் அதை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் வகையில் சேர்த்தது. வேறு பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அம்முடிவை ஏற்கவில்லை. இலங்கை 2015-இல் அதைத் தடைசெய்து, 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. கேரளம் 2011-இல் பாராக்குவாட், அட்ரசின் உள்ளிட்ட சில மருந்துகளின் விற்பனையை நிறுத்தியது. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பூச்சி ஒழிப்புத் தொழில் உரிமம் பெற்றோர் வாயிலாக மட்டுமே கிளைபோசேட்டைத் தெளிக்கலாம் என ஆணை பிறப்பித்தது.

உணவுப் பொருளில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் மருந்துதோறும் பயிர்தோறும் எல்லை வகுத்திருக்கிறது. எல்லை தனியே வகுக்கப்படாத தானியத்திற்குப் பொதுவான எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 100 கிலோ மூட்டைக்கு ஒரே ஒரு மில்லிகிராம்! இத்துணைச் சிறு அளவைக் காணமுடியுமா என்று ஐயுற வேண்டாம். நம் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, கண்ணுக்குப் புலப்படாத விண்மீனின் ஒளியைத் திரட்டி, அதில் என்ன பொருள்கள் உள்ளன என்று அறிய உதவுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எச்ச ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் உள்ள கருவிகளும் அவ்வாறே ஒரு கைப்பிடிச் சாமையில் மறைந்திருக்கும் மருந்தைப் பிரித்துக் காட்டிவிடும்.

இங்கேதான் கூட்டுறவாளர் கவனிக்கவேண்டிய இடம். ஜவ்வாது மலைச் சாமைக்கு நல்ல பெயர் உண்டு. சங்கத்தில் நாற்பது வீட்டுச் சாமை ஒரே குவியலில் சேர்கிறது. ஒரு வீட்டு மூட்டையில் எச்சம் இருப்பினும் மாதிரி எடுப்பவருக்கு அது நாற்பது வீட்டுச் சாமையே. ஒருவர் கடன் தவறினால் அவர் கணக்கில் எழுதலாம். ஒருவர் மருந்து தவறினால் யார் கணக்கில் எழுதுவது?

சங்கங்கள் செய்யவேண்டியவை

முதலாவது, மருந்துச் சீட்டில் பயிரின் பெயர் இல்லையேல் அம்மருந்து அப்பயிருக்கு உரியதன்று. நெல்லுக்கு உரியதைச் சாமைக்கு இடலாகாது.

இரண்டாவது, உரக்கடன் பேரேட்டைப் போல் தெளிப்புப் பேரேடு ஒன்று வைக்கவேண்டும். நிலம், மருந்து, அளவு, தெளித்த நாள், அடுத்து விதைக்கக் கருதும் பயிர் ஆகிய ஐந்தும் போதும்.

மூன்றாவது, மருந்து தெளித்த நிலத்துத் தானியத்தைத் தனியே குவித்து விற்கவேண்டும். அந்நிலத்துத் தட்டையைச் சீட்டில் கண்ட காலக்கெடு தீருமுன் மாட்டுக்குப் போடலாகாது.

நான்காவது, சரிவு நிலத்தில் மழை வரும் அறிகுறி இருக்கையில் தெளிக்கலாகாது. செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். மேலே வழிந்தோடியது கீழே கிணற்றுக்கு வரும்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் ஒரே மருந்தை நம்பலாகாது. அரியானா, பஞ்சாப் மாநிலங்களில் கோதுமைக்கு ஐசோபுரோட்டுரான் ஒன்றையே பல ஆண்டுகள் தெளித்ததால், 1990-களில் அதற்கு அடங்காத கோதுமைக்களை பெருகிப் பேரிழப்பை உண்டாக்கியது.

இறுதியாக, கையால் களையெடுப்பதைக் கைவிட்டுவிடத் தேவையில்லை. வரிசையில் விதைத்த சாமைக்கு இருமுறை கொட்டு இட்டால் போதும். ஒருவர் வயலில் இன்று பத்துப் பேர், அவர்கள் வயல்களில் முறைவைத்து நாளை இவர் என்னும் மாற்றாள் வழக்கம் மலையூர்களில் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. சங்கம் என்னும் பெயர் வருமுன்பே நம் முன்னோர் நடத்திய கூட்டுறவு அது.

அவ்வூர்ச் சங்கத்தில் அந்த ஆறு சட்டிகளும் தாழ்வாரத்திலேயே இருக்கின்றன. இவ்வாண்டு ஐப்பசி விதைப்புக்கு முன் மூன்று அங்கத்தினர்கள் தத்தம் நிலத்து மண்ணைக் கொண்டுவந்து அவற்றில் நிரப்பியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர், சென்ற ஆண்டு கொள்ளு இழந்தவர். அவர் கேட்டு வாங்கிய விதை, அதே உறவினர் கொடுத்தது.